விமானியின் சம்பளத்தில் கைக்கு எவ்வளவு வரும்? கணக்கிடும் முறை

பயணிகள் விமானம் ஓட்டும் விமானியின் சம்பளம் என்ன என்று கேட்டால், ஊரில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு தொகையைச் சொல்வார்கள். பெரும்பாலும் அது நியமன ஆணையில் சி.டி.சி. (பணியாளருக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு) என்று போட்டிருக்கும் ஆண்டுத் தொகையைப் பன்னிரண்டால் வகுத்துச் சொன்னதாக இருக்கும். அந்தத் தொகை எந்த மாதத்திலும் வங்கிக் கணக்கில் அப்படியே வந்து சேர்வதில்லை. என் அக்கா மகள் சென்னையைத் தளமாகக் கொண்டு ஏ.டி.ஆர். விமானத்தில் துணை விமானியாக இருக்கிறாள். நம் சேலம் விமான நிலையம் இருக்கும் கமலாபுரத்தில் வந்து இறங்கும் சிறிய விமானங்களின் வகைதான் அது. அஸ்தம்பட்டியில் வீடு வாங்கக் கடனுக்கு விண்ணப்பித்தபோது, மாதத் தவணை எவ்வளவு தாங்கும் என்பதற்காக அவளுக்குப் போட்டுக் கொடுத்த கணக்கின் முறையை இங்கே எழுதுகிறேன். சம்பள எண்கள் எடுத்துக்காட்டுக்காக நான் வைத்துக்கொண்டவை. வரி விகிதங்களும் விலக்கு விதிகளும் 2025-26 நிதியாண்டுக்கு உரியவை.

கருவியைப் பொறுத்தவரை, கைபேசிச் செயலிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். மாதச் சம்பளம் ஒரே சீராக வரும் என்று எண்ணித்தான் அவற்றை அமைத்திருக்கிறார்கள். லிப்ரே ஆபிஸ் கால்க் அல்லது கூகுள் ஷீட்ஸில் மாதத்துக்கு ஒரு வரிசை என்று பன்னிரண்டு வரிசை போதும். இறுதி விடையைச் சரிபார்க்க வருமான வரித்துறை இணையதளத்தின் கணிப்பானைப் பயன்படுத்துங்கள்.

முதல் கட்டம்: சம்பளச் சீட்டைப் பிரித்துக்கொள்ளுதல்

நியமன ஆணையை எடுத்து, அதில் கைக்கு வராத இனங்களை முதலில் அடித்துவிடுங்கள். நிறுவனம் செலுத்தும் வருங்கால வைப்பு நிதிப் பங்கு, பணிக்கொடை ஒதுக்கீடு, காப்பீட்டுச் சந்தா ஆகியவை அதில் அடங்கும். மீதியை நிலையான சம்பளம், பறப்புப் படி, வெளியூரில் தங்கும் நாட்களுக்கான தினப்படி என மூன்று குவியலாக்குங்கள். எடுத்துக்காட்டாக, அடிப்படைச் சம்பளம் ரூ.1,00,000, பிற நிலையான படிகள் ரூ.50,000 என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டாம் கட்டம்: பறக்கும் மணி நேரம்

பல நிறுவனங்கள் குறிப்பிட்ட மணி நேரத்துக்கான படியை, பறந்தாலும் பறக்காவிட்டாலும் தருவதாக உறுதியளிக்கின்றன. அதற்கு மேல் பறந்தால் மணிக்கு இவ்வளவு என்று கூடுதலாகத் தருகின்றன. மணி நேரம் என்று இங்கே சொல்வது பிளாக் நேரத்தை. விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகரத் தொடங்கியதிலிருந்து, சேருமிடத்தில் சக்கரத்துக்குக் கட்டை போடும் வரையிலான நேரம் அது. உண்மையில் ஆன நேரத்துக்குப் படி தருகிறார்களா, அட்டவணையில் குறித்த நேரத்துக்குத் தருகிறார்களா என்பதை ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

உறுதியான நேரம் 60 மணி, மணிக்கு ரூ.1,500 என்றால் மாதம் ரூ.90,000. சராசரியாக மேலும் 12 மணி நேரம் பறந்தால் ரூ.18,000 கூடும். ஆண்டுக்கு 864 மணி நேரம் ஆகிறது. தொடர்ச்சியான 365 நாட்களில் 1,000 மணி நேரத்துக்கு மேல் ஒரு விமானி பறக்கக் கூடாது என்பது விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.யின் விதி. ஆகவே மாதம் 100 மணி நேரம் என்று யாராவது ஆண்டு முழுவதற்கும் கணக்குப் போட்டுக் காட்டினால், அந்தக் கணக்கை நம்ப வேண்டாம்.

இப்போது ஆண்டு வருமானம், உறுதியான நேரத்துக்கு மட்டும் என்றால் ரூ.28,80,000, கூடுதல் நேரத்தையும் சேர்த்தால் ரூ.30,96,000.

மூன்றாம் கட்டம்: படிகளுக்கு வரி உண்டா?

சிக்கல் முழுவதும் இங்கேதான் இருக்கிறது, நிதானமாகப் படியுங்கள். விமானி, ரயில் ஓட்டுநர், பேருந்து ஓட்டுநர் போன்ற போக்குவரத்துப் பணியாளர்களுக்கு, ஓட்டத்தின்போது ஆகும் சொந்தச் செலவுக்காகத் தரப்படும் படியில் 70 சதவீதம் அல்லது மாதம் ரூ.10,000, இவற்றில் எது குறைவோ அதற்கு வரி இல்லை என்று ஒரு விதி உண்டு. இதைப் படித்தவுடன் பறப்புப் படி முழுவதிலும் 70 சதவீதத்தைக் கழித்துவிடும் பழக்கம் விமானிகளிடையே பரவலாக இருக்கிறது. அது தவறு. உச்சவரம்பு மாதம் ரூ.10,000 மட்டுமே, தினப்படி வாங்குபவருக்கு இச்சலுகையே கிடையாது, பழைய வரி முறையை (விகிதம் அதிகம், கழிவுகளும் அதிகம்; புதிய முறையில் இரண்டும் குறைவு) தேர்ந்தெடுத்தவருக்கு மட்டுமே இது பொருந்தும். சீட்டில் படிக்கு என்ன பெயர் இருக்கிறது என்பதைவிட, அது எதற்காகத் தரப்படுகிறது என்பதைத்தான் சட்டம் பார்க்கிறது. பறந்த உழைப்புக்கான கூலியாகத் தரும் படி சம்பளமே.

தினப்படியின் நிலை வேறு. வழக்கமான பணியிடத்தை விட்டு வெளியூரில் இருக்கும் நாட்களின் செலவுக்காகத் தரும் தினப்படிக்கு, உண்மையில் செலவான அளவு வரை, புதிய வரி முறையிலும் விலக்கு உண்டு. மிச்சப்படுத்திய தொகைக்கு வரி உண்டு. ஐதராபாத்தில் இரவு தங்கி உண்ட உணவின் ரசீதை அன்றே கைபேசியில் படம் எடுத்து, மாதவாரியாகக் கோப்பில் போட்டு வைக்குமாறு அக்கா மகளிடம் சொல்லியிருக்கிறேன். செலவழிந்துவிடும் பணம் என்பதால், கைக்கு வரும் தொகையில் தினப்படியை நான் சேர்ப்பதே இல்லை.

நான்காம் கட்டம்: வரி

புதிய முறையில் நிலைக்கழிவு ரூ.75,000 போக, வரிக்குரிய வருமானம் ரூ.30,21,000. முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அதன் பிறகு ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் 5, 10, 15, 20, 25 சதவீதம் என ஏறி, 24 லட்சம் வரை வரி ரூ.3,00,000 ஆகிறது. மீதமுள்ள ரூ.6,21,000க்கு 30 சதவீதம் ரூ.1,86,300. கூட்டினால் ரூ.4,86,300, அதன் மேல் 4 சதவீத செஸ் (கல்வி, சுகாதாரத்துக்கான மேல்வரி) சேர்த்தால் ரூ.5,05,752.

விமானப் பயிற்சிக்குக் கல்விக் கடன் வாங்கியவர்கள், வட்டிக்குக் கழிவு கிடைக்கிறதே என்று பழைய முறையை நாடுகிறார்கள். இந்தச் சம்பளத்தில் பழைய முறை லாபமாக வேண்டுமானால், நிலைக்கழிவு உட்பட எல்லாக் கழிவுகளும் சேர்ந்து ரூ.8,50,000ஐத் தாண்ட வேண்டும். வட்டியோடு பெரிய வீட்டு வாடகைப் படி விலக்கும் இருந்தாலன்றி அது எளிதில் எட்டாது. இரண்டையும் போட்டுப் பார்த்த பிறகே நிறுவனத்திடம் விருப்பத்தைத் தெரிவியுங்கள்.

ஐந்தாம் கட்டம்: கைக்கு வருவது

அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் வருங்கால வைப்பு நிதிக்குப் போனால் ஆண்டுக்கு ரூ.1,44,000. தொழில் வரி எந்த மாநிலத்திலும் ஆண்டுக்கு ரூ.2,500ஐத் தாண்டாது. எல்லாம் போக மீதி ரூ.24,43,748, மாதச் சராசரி ரூ.2,03,646. உறுதியான நேரத்தை மட்டும் வைத்து இதே கணக்கைப் போட்டால் மாதம் ரூ.1,91,262 வருகிறது. வீட்டுக் கடன் தவணையை இந்த இரண்டாவது எண்ணை வைத்தே முடிவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மருத்துவத் தகுதியில் தற்காலிகத் தடை வந்தாலோ, பருவமழையில் விமானங்கள் ரத்தானாலோ முதலில் குறைவது கூடுதல் நேரம்தான்.

சராசரி வேறு, மாதச் சீட்டு வேறு. நிறுவனம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு மதிப்பீட்டை வைத்து வரி பிடிக்கத் தொடங்கும். கூடுதல் நேரம் சேரச் சேர ஆண்டு வரி உயர்ந்து, பிடிக்காமல் விட்ட பகுதி கடைசி மாதங்களில் மொத்தமாக வந்து விழும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கைக்கு வருவது குறைவதற்குக் காரணம் இதுவே. கூடுதலாகப் பறக்கும் ஒரு மணி நேரத்தின் ரூ.1,500இல், 30 சதவீத வரியும் அதன் மேல் செஸ்ஸும் போகக் கைக்கு நிற்பது ரூ.1,032 என்று மனத்தில் வைத்துக்கொண்டால், அந்த மாதங்கள் அதிர்ச்சி தராது.

பின்சேர்க்கை: கேப்டன்களுக்கு

கேப்டன் ஒருவர் தம் வருமானம் ஐம்பது லட்சத்தை ஒட்டி இருப்பதாக எழுதிக் கேட்டிருந்தார். வரிக்குரிய வருமானம் ரூ.50 லட்சத்தைத் தாண்டினால் வரியின் மேல் 10 சதவீதக் கூடுதல் வரி (சர்சார்ஜ்) வருகிறது. ஒரு ரூபாய் தாண்டியதற்காக ஒரு லட்சத்துக்கு மேல் கட்ட நேராதபடி விளிம்பு நிவாரணம் என்ற ஏற்பாடு உண்டு. ஆனால் அதன் விளைவைக் கவனியுங்கள். ரூ.50,00,000க்கும் ஏறத்தாழ ரூ.51,61,000க்கும் இடையில் ஈட்டும் ஒவ்வொரு ரூபாயும் முழுவதுமாக வரிக்கே போகிறது. அந்த இடைவெளியில் விடுப்பைத் துறந்து கூடுதலாகப் பறப்பதில் பணப்பயன் இல்லை. அடிப்படைச் சம்பளத்தில் 14 சதவீதம் வரை நிறுவனம் தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் செலுத்தும்படி சம்பளத்தை மாற்றியமைத்தால், புதிய முறையிலும் அது கழிவாகும். ஐம்பது லட்சத்துக்குக் கீழே இறங்க இதுவே நேரான வழி.

பின்சேர்க்கை: தோட்டம் உள்ளவர்களுக்கு

ஏற்காட்டிலிருந்து ஒரு தாயார், விமானியான தம் மகன் பெயரில் காபித் தோட்டம் இருப்பதாகவும், வேளாண் வருமானத்துக்கு வரி இல்லை என்பதால் அதைக் கணக்கில் காட்ட வேண்டாமா என்றும் கேட்டிருந்தார். காட்டியே ஆக வேண்டும். வேளாண் வருமானம் ரூ.5,000ஐத் தாண்டினால், வரி விகிதத்தைக் கணக்கிடுவதற்காக அதைச் சம்பளத்தோடு சேர்க்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் தோட்டத்திலிருந்து ரூ.2,00,000 வந்தால், இரண்டும் சேர்ந்த ரூ.32,21,000க்கு வரி ரூ.5,46,300, அதிலிருந்து, ரூ.2,00,000ஐ வரியில்லா வரம்பான 4 லட்சத்தோடு சேர்த்து வரும் ரூ.6,00,000க்கான வரி ரூ.10,000ஐக் கழிக்க வேண்டும். சம்பளத்தின் மீதான வரி ரூ.5,36,300 ஆகிறது, செஸ் சேர்த்தால் முன்னதைவிட ரூ.52,000 கூடுதல். பழமாகவே விற்றால் இந்தக் கணக்கு போதும். தோட்டக்காரரே காபியை, வறுத்து அரைக்காமல், பதப்படுத்தி மட்டும் விற்றால், அந்த வருமானத்தில் 25 சதவீதம் வணிக வருமானமாகி நேரடியாக வரிக்குள் வரும். அலுவலகத்துக்குத் தோட்டத்தைப் பற்றித் தெரியாது; சம்பளத்தில் அதற்கு வரி பிடித்திருக்க மாட்டார்கள். அந்தத் தொகையை முன்வரியாக (ஆண்டு முடியும் முன்பே தவணைகளில் கட்டும் வரி) தாமே தவணை தவறாமல் கட்டிவிட்டால் வட்டி ஏறாது.