நல்ல உணவு கிடைக்கும் விழாக்கூடத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

விழாவுக்கு இடம் பார்க்கப் போகிறவர்கள் அண்ணாந்து விளக்குகளைப் பார்க்கிறார்கள், மேடையின் அகலத்தைப் பார்க்கிறார்கள், வண்டி நிறுத்த வசதி உண்டா என்று விசாரிக்கிறார்கள். சமையற்கூடத்தின் கதவைத் திறந்து பார்ப்பவர்கள் மிகச் சிலரே. ஆனால் வந்தவர்கள் வீடு திரும்பும் வழியில் பேசிக்கொள்வது பெரும்பாலும் சாப்பாட்டைப் பற்றித்தான். ருசியாகச் சமைக்கத் தெரிந்த இடங்கள் நிறைய உண்டு. அந்த ருசியை இருநூறு பேருக்கு ஒரே நேரத்தில், சூடு ஆறாமல், பதம் கெடாமல் கொண்டுபோய்ச் சேர்க்கத் தெரிந்த இடங்கள் அவ்வளவு இல்லை. ஆகவே இடம் தேடும்போது, அடுப்பிலிருந்து இறங்கிய உணவு தட்டை அடைய எவ்வளவு நேரம் ஆகும், எந்த வழியாக வரும் என்பதையே முதலில் விசாரிக்க வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் குடும்ப விழா ஒன்றுக்காகப் பார்த்த கூடத்தில், மாதிரிக்காக வைத்த அத்தனை பண்டங்களும் அருமையாக இருந்தன. அன்றே முன்பணம் கொடுத்துவிட்டு வந்தோம். விழாவன்று சாப்பாட்டு நேரத்தில் ஏன் தாமதம் என்று பார்க்கப் போனபோதுதான், சமையற்கூடம் இரண்டு தளங்களுக்குக் கீழே இருப்பதும், விருந்தினர் ஏறி இறங்கும் அதே ஒற்றை லிஃப்டில்தான் உணவு வண்டிகளும் வரவேண்டும் என்பதும் தெரிந்தது. லிஃப்டுக்காக வரிசையில் நின்ற வண்டி ஒன்றின் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். மூடியின் உட்புறத்தில் ஆவி நீர்த்துளிகளாகக் கோத்திருந்தது; அந்தத் துளிகள் கீழே அடுக்கியிருந்த பொரித்த பண்டங்களின் மேல் ஒவ்வொன்றாகச் சொட்ட, மொறுமொறுவென்று இறக்கப்பட்டவை ஓரத்தில் நமுத்து, நடுவில் தொளதொளத்துக் கிடந்தன. சமைத்தவர் நன்றாகத்தான் சமைத்திருந்தார். அந்தக் கட்டடத்தில் நல்ல சமையலைக் காப்பாற்ற வழி இல்லை.

எண்ணிக்கையிலிருந்து தொடங்குங்கள்

எத்தனை பேர் என்ற கேள்விக்கு ஒரே எண்ணைப் பதிலாக வைத்துக்கொள்ளாமல், குறைந்தது இத்தனை பேர், எதிர்பார்ப்பது இத்தனை பேர், அதிகம் போனால் இத்தனை பேர் என்று மூன்று எண்களைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்புவது நல்லது. அவர்களில் குழந்தைகள் எத்தனை பேர், முதியவர்கள் எத்தனை பேர், எல்லாரும் ஒரே நேரத்தில் சாப்பிட உட்காருவார்களா அல்லது வந்து வந்து போவார்களா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கூடத்தார் சொல்லும் கொள்ளளவு பெரும்பாலும் நாற்காலிகளை மட்டும் வரிசையாகப் போட்டுக் கணக்கிட்டதாக இருக்கும். மேசையும் நாற்காலியும் போடும் இடத்துக்குக் கட்டடப் பாதுகாப்பு விதிகளில் பரவலாக வழங்கும் கணக்கு ஆளுக்குச் சுமார் 15 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 1.4 சதுர மீட்டர். இருநூறு பேருக்கு இதுவே 3,000 சதுர அடி ஆகிறது. மேடையும் உணவு மேசைகளும் இதற்குள் அடங்காது. இது நெருக்கத்தின் எல்லையைச் சொல்லும் கணக்கே தவிர, வசதியின் அளவு அன்று.

மேசைக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒருவர் முழங்கை இடிக்காமல் சாப்பிட மேசையின் ஓரத்தில் சுமார் 60 சென்டிமீட்டர் வேண்டும். 150 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்ட மேசையின் சுற்றளவு 471 சென்டிமீட்டர். அதில் எட்டுப் பேர் உட்காரலாம். அதே மேசைக்குப் பத்து நாற்காலி போடுவோம் என்று யாராவது சொன்னால், பரிமாறுபவரின் கை உள்ளே நுழைய இடம் இருக்காது என்று பொருள். நாற்காலிகளில் ஆட்களை உட்கார வைத்த பிறகு, இரண்டு மேசைகளுக்கு நடுவில் உணவு ஏந்திய ஒருவர் தாராளமாக நடக்க முடிகிறதா என்று நேரிலேயே நடந்து பாருங்கள்.

சமையற்கூடத்தைப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள்

கூடத்திலேயே சமைக்கிறார்களா, வேறிடத்தில் சமைத்து வண்டியில் கொண்டுவருகிறார்களா என்பதை வெளிப்படையாகக் கேளுங்கள். வெளியிலிருந்து வருவதாலேயே உணவு மோசமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் எத்தனை மணிக்குச் சமைத்து முடிப்பார்கள், எதில் கொண்டுவருவார்கள், வந்த இடத்தில் மறுபடி சூடாக்க அடுப்பு இருக்கிறதா என்ற மூன்று கேள்விகளுக்கும் தயங்காத பதில் வரவேண்டும். உள்ளேயே சமைப்பதாகச் சொன்னால், ஒரே சமயத்தில் எத்தனை பேருக்குச் சமைக்கும் வசதி உண்டு, அன்றைய தினம் அதே சமையற்கூடம் வேறொரு விழாவுக்கும் சமைக்கிறதா என்று கேட்டறியுங்கள்.

பெரும் அளவில் சமைப்பதற்கு என்று தனியான ஆபத்துகள் இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2001ஆம் ஆண்டு முதல் பரப்பிவரும் உணவுப் பாதுகாப்புக்கான ஐந்து நெறிகளின்படி, சமைத்த உணவைப் பரிமாறும்வரை 60 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக வைத்திருக்க வேண்டும், குளிர்ச்சியாக வைக்க வேண்டியதை 5 டிகிரிக்குக் கீழ் வைக்க வேண்டும், அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் விட்டுவைக்கக் கூடாது. இந்த எண்களுக்குப் பின்னால் தெளிவான காரணம் உண்டு. பெரிய அண்டாவில் சமைத்து அப்படியே விடப்படும் உணவு மேலே ஆறினாலும் நடுவில் மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். கொதியையும் தாங்கி உயிரோடு இருக்கும் குளோஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சென்ஸ் கிருமியின் வித்துகள் முளைத்துப் பெருக அந்த வெதுவெதுப்பே போதும். வடித்த சோற்றை வெளியில் வைத்தால் பெருகும் பேசில்லஸ் சீரியஸ் கிருமி உண்டாக்கும் வாந்தி நஞ்சோ, பிறகு கொதிக்க வைத்தாலும் அழிவதில்லை. ஆகவே ‘பரிமாறும் முன் நன்றாகக் கொதிக்க வைத்துவிடுவோம்’ என்ற பதில் போதுமானது அன்று. ‘உணவின் சூட்டை அளக்க வெப்பமானி வைத்திருக்கிறீர்களா?’ என்று கேளுங்கள். வைத்திருப்பவர் உடனே எடுத்துக் காட்டுவார். கையால் தொட்டே தெரியும் என்று சொல்பவர் எத்தனை அனுபவசாலியாக இருந்தாலும், நான் அந்த இடத்துக்குக் குறைந்த மதிப்பெண்ணே தருவேன்.

முடிந்தால், வேறொரு விழா நடந்துகொண்டிருக்கும் நாளில் அனுமதி பெற்று, சாப்பாட்டு நேரத்துக்கு அரை மணி நேரம் முன்பாகச் சமையற்கூட வாசலில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். வெறுமையான சமையற்கூடம் எப்போதும் சுத்தமாகத்தான் இருக்கும்; வேலை மும்முரத்தில்தான் அதன் குணம் தெரியும். கை கழுவும் தொட்டியில் பாத்திரங்கள் அடைந்து கிடக்கின்றனவா, பச்சை இறைச்சி நறுக்கிய பலகையில் காய்கறியும் நறுக்குகிறார்களா, தரை வழுக்காமல் இருக்கிறதா, தலைமைச் சமையல்காரரின் குரல் நிதானமாக இருக்கிறதா என்று கவனியுங்கள். கடைசியாகச் சொன்னது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் திட்டமிட்டு வேலை செய்யும் சமையற்கூடத்தில் கடைசி அரை மணி நேரத்தில் கூச்சல் இருக்காது என்பதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன்.

ருசி பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு

மாதிரி உணவு என்பது தலைமைச் சமையல்காரர் நான்கு பேருக்காகக் கவனமாகச் செய்து, அடுப்பிலிருந்து நேராக மேசைக்கு அனுப்பும் உணவு. விழாவன்று உங்களுக்குக் கிடைக்கப்போவது அது அன்று. அதனால் ருசி பார்க்கும் நாளில், பண்டங்களில் பாதியை உடனே பரிமாறச் சொல்லுங்கள். மீதிப் பாதியை, விழாவில் வைக்கப்போகும் அதே சூடு தாங்கும் பாத்திரத்தில் மூடி, முக்கால் மணி நேரம் கழித்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். எந்தப் பண்டம் காத்திருப்பைத் தாங்குகிறது, எது நமுத்துப்போகிறது, எது இறுகுகிறது என்று உங்கள் நாக்கே சொல்லிவிடும். சாறோடு வெந்தவை பெரும்பாலும் தாங்கும். பொரித்தவையும் மெல்லியதாகச் சுட்டவையும் தாங்குவதில்லை. தாங்காதவற்றை மெனுவிலிருந்து நீக்கிவிடலாம், அல்லது விருந்தினர் கண்ணெதிரே அவ்வப்போது செய்து தர ஏற்பாடு செய்யலாம்.

மாதிரியைச் செய்தவரே விழாவன்றும் சமைப்பாரா என்று கேட்டுப் பெயரைக் குறித்துக்கொள்வது நல்லது. கூடவே, மெனுவின் நீளத்தைக் கண்டு மயங்க வேண்டாம். முப்பது வகை வைப்பவரை விட, பன்னிரண்டு வகையை ஒவ்வொன்றும் பக்குவமாக வைப்பவரே விருந்தினருக்கு நல்லது செய்கிறார்; வகை கூடக் கூட ஒவ்வொன்றும் சீக்கிரமே செய்யப்பட்டு, அதிக நேரம் காத்திருக்க நேர்கிறது.

பரிமாறும் முறையைத் தீர்மானிப்பதில் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். பஃபே மேசையில் ஒருவர் தொடங்கிய 15 விநாடியில் அடுத்தவர் தொடங்குவதாக வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு நான்கு பேர்; ஒரே வரிசை என்றால் இருநூறாவது ஆள் தட்டெடுக்க 50 நிமிடம் ஆகும். மேசையின் இரு பக்கமும் எடுக்கும்படி இரண்டு இடங்களில் வைத்தால் வரிசை நான்காகி, அது 12 அல்லது 13 நிமிடத்தில் முடிந்துவிடும். உட்கார வைத்துப் பரிமாறுவதானால், எத்தனை பேருக்கு ஒரு பரிமாறுபவர் என்பதே கேள்வி. அந்த எண்ணிக்கையை வாய்ச்சொல்லாக விடாமல் எழுதி வாங்குங்கள். முதியவர்கள் அதிகம் வரும் விழாவுக்கு நான் எப்போதும் உட்கார வைத்துப் பரிமாறுவதையே பரிந்துரைப்பேன்; ஒரு கையில் தட்டும் மறு கையில் ஊன்றுகோலுமாக யாரும் வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

ஒவ்வாமை பற்றிய கேள்வியில் சமரசம் வேண்டாம். நிலக்கடலை, பாதாம் முந்திரி போன்ற கொட்டைகள், பால், முட்டை, மீன், இறால் நண்டு வகைகள், எள், குளுட்டன் என்ற புரதம் உள்ள கோதுமை முதலிய தானியங்கள் ஆகியவை உலகெங்கும் முதன்மையான ஒவ்வாமைப் பொருள்களாகக் கருதப்படுகின்றன. ‘அதைப் போடாமல் செய்துவிடுகிறோம்’ என்ற உறுதி மட்டும் போதாது. ஒரே எண்ணெயில் பொரிப்பது, ஒரே கரண்டியை மாற்றி மாற்றிப் போடுவது ஆகியவற்றாலும் ஒவ்வாமைப் பொருள் கலந்துவிடும். தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, பண்டத்தின் முன் பெயர்ச்சீட்டு, கேட்டால் பதில் சொல்லத் தெரிந்த ஒரு பணியாளர் ஆகிய நான்கும் உண்டா என்று கேளுங்கள்.

கூடத்தின் ஓசையையும் சாப்பாட்டோடு சேர்த்தே பார்க்க வேண்டும். வெறும் கல்தரை, கண்ணாடிச் சுவர், உயரமான கூரை என்று அமைந்த இடத்தில் ஓசை எதிரொலித்து, ஒருவர் குரலை உயர்த்த அடுத்தவரும் உயர்த்த, கடைசியில் பக்கத்து நாற்காலிக்காரரோடு பேசவே கத்த வேண்டியிருக்கும். நடுவில் நின்று கைதட்டிப் பாருங்கள். ஓசை நீண்டு ஒலித்தால் திரைச்சீலையும் மேசைவிரிப்பும் தேவைப்படும்.

ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டியவை

விலைப்பட்டியலில் ஒரு தட்டுக்கு இவ்வளவு என்றிருப்பதை மட்டும் வைத்து இரண்டு இடங்களை ஒப்பிடாதீர்கள். வரி, பரிமாறும் கட்டணம், குறித்த நேரத்துக்கு மேல் தங்கினால் கூடுதல் கட்டணம், ஜெனரேட்டர், துப்புரவு, வெளியிலிருந்து கேக் கொண்டுவந்தால் கட்டணம் என்று எல்லாவற்றையும் கூட்டி, மொத்தத்தை விருந்தினர் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். குறைந்தபட்ச எண்ணிக்கை என்று ஒன்றை ஒப்பந்தத்தில் வைப்பார்கள். அதற்குக் குறைவாக ஆட்கள் வந்தாலும் அந்த எண்ணுக்கு நீங்கள் பணம் தரவேண்டும். எனவே அங்கே உங்கள் மூன்று எண்களில் மிகக் குறைவானதையே தாருங்கள். கூடுதல் எண்ணிக்கையை எந்தத் தேதிவரை சொல்லலாம், ஏதேனும் ஒரு பண்டத்தை மாற்ற நேர்ந்தால் உங்களிடம் கேட்டுத்தான் மாற்றுவார்களா, விழா ரத்தானாலோ தள்ளிப்போனாலோ முன்பணம் என்னவாகும் என்பவையும் எழுத்தில் இருக்க வேண்டும்.

மீதமாகும் உணவு யாருக்கு என்பதைப் பலரும் கேட்க மறந்து, விழா முடிந்த அசதியில் பாத்திரங்களின் முன் நின்று வாக்குவாதம் செய்கிறார்கள். எடுத்துச்செல்ல அனுமதி உண்டென்றால், பரிமாறும் மேசையில் வைத்திருந்ததை விட்டுவிட்டு, சமையற்கூடத்தில் சூடு குறையாமல் இருந்ததை மட்டும், ஆழமில்லாத அகன்ற பாத்திரங்களில் பிரித்துப் போடச் சொல்லி, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் சேர்த்துவிடுங்கள். அந்தப் பொறுப்பை விழா நடத்துபவர் தன் தலையில் போட்டுக்கொள்ளாமல், வீட்டில் நிதானமான ஒருவரிடம் முன்கூட்டியே ஒப்படைத்து, அவருடைய பெயரைக் கூடத்தின் மேலாளரிடமும் சொல்லிவையுங்கள்.