அமெரிக்காவில் உங்கள் ஓட்டு எண்ணப்பட வேண்டுமா? முதல்முறை வாக்காளருக்கு ஒரு செய்முறை

அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய பிறகு வரும் முதல் தேர்தலில் பலரும் தடுமாறுவது ஒரே இடத்தில்தான்: யாரிடம் போய்க் கேட்பது? இந்தியாவில் இருப்பதுபோல நாடு முழுவதற்கும் தேர்தலை நடத்தும் ஆணையம் இங்கே கிடையாது. மாநிலங்கள்தான் நடத்துகின்றன. பெரும்பாலான இடங்களில் அன்றாட வேலைகளைப் பார்ப்பது கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) அலுவலகம். கடைசித் தேதி, அடையாள அட்டை, தபால் ஓட்டு என்று எல்லா விதியும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூ ஜெர்சியில் இருக்கும் சித்தப்பா சொல்வது டெக்சஸில் இருக்கும் உங்களுக்குப் பொருந்தாது.

தேர்தல் மோசடி பற்றி டிவியில் எவ்வளவோ சத்தம் கேட்கிறோம். ஆனால் புது வாக்காளரின் ஓட்டு வீணாவது பெரும்பாலும் பெயர், முகவரி, கையெழுத்து, தேதி போன்ற சின்ன விஷயங்களில்தான். இந்த நாட்டில் காகிதத்தைக் காட்டி ஓட்டைத் தடுப்பது புதிதும் அல்ல. 1870-இல் 15-ஆவது திருத்தம் கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை தந்தது. அதன்பிறகு தென்மாநிலங்கள் எழுத்தறிவுத் தேர்வு, வாக்கு வரி என்று வைத்து அவர்களைப் பல பத்தாண்டுகள் வெளியே நிறுத்தின. 1965 மார்ச் 7 அன்று அலபாமாவின் செல்மாவில் பாலத்தைக் கடந்து ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்து விரட்டியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 6-இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. இன்று நாம் உரிமையோடு கேட்கக்கூடிய பல விஷயங்கள் அந்தச் சட்டத்தில் இருந்து வந்தவை.

பாகுபாட்டு வரலாறு உள்ள மாநிலங்கள் தேர்தல் விதிகளை மாற்றுமுன் மத்திய அரசிடம் அனுமதி வாங்க வேண்டும் என்ற ஏற்பாடும் அதில் இருந்தது. 2013-இல் ஷெல்பி கவுண்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்போடு அது செயலிழந்துவிட்டது. அதனால் விதி மாறியதா என்று கவனிக்கும் பொறுப்பு இப்போது நம் தலையிலும் விழுந்திருக்கிறது.

படி 1: நீங்கள் குடிமகன்தானா?

குடியுரிமை உறுதிமொழி எடுத்து, சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான் பதிவு செய்யலாம். கிரீன் கார்டு, எச்-1பி வைத்திருப்பவர்கள் பதிவு செய்யவே கூடாது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஓட்டுநர் உரிமம் வாங்க டி.எம்.வி. அலுவலகம் போனால், 1993-ஆம் ஆண்டுச் சட்டப்படி வாக்காளராகப் பதிவு செய்கிறீர்களா என்றும் கேட்பார்கள். அவசரத்தில் ‘ஆம்’ கட்டத்தில் டிக் அடித்தால் அது பெரிய சிக்கல். குடிமகன் அல்லாதவர் மத்தியத் தேர்தலில் ஓட்டுப் போடுவது குற்றம்; நாடு கடத்தப்படவும் அது காரணமாகலாம். அந்தத் திரையில் வரும் ஒவ்வொரு கேள்வியையும் நிதானமாகப் படியுங்கள். தெரியாமல் பதிவாகிவிட்டது என்று தோன்றினால் முதலில் குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள்.

படி 2: பெயரைச் சரிசெய்து, பிறகு பதிவு செய்யுங்கள்

நம்மவர்களுக்கு அதிகம் இடறுவது இங்கேதான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியலை விரித்தால் அப்பா பெயர் கடைசிப் பெயராகிவிடும். கடவுச்சீட்டில் ஒரே பெயர் இருந்தவர்களுக்கு விசாவில் முதல் பெயர் இடத்தில் ‘எஃப்.என்.யு.’ (முதல் பெயர் தெரியவில்லை) என்று போட்டுவிடுவார்கள். அது சிலருக்கு ஓட்டுநர் உரிமம் வரை ஒட்டிக்கொண்டு வரும். குடியுரிமைச் சான்றிதழில் ஒரு பெயர், சோஷியல் செக்யூரிட்டியில் இன்னொன்று, டி.எம்.வி.-யில் மூன்றாவது என்று இருந்தால் கணினி உங்களை மூன்று ஆட்களாகப் பார்க்கும்.

பதிவுப் படிவத்தில் ஓட்டுநர் உரிம எண்ணையோ சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களையோ கேட்பார்கள். கொடுத்ததை அரசுப் பதிவுகளோடு ஒப்பிடுவார்கள். 2018-இல் ஜார்ஜியாவில் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும் என்ற விதியால் சுமார் 53,000 பதிவுகள் கிடப்பில் கிடந்தன. அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். ஒரு ஹைபன் விட்டுப்போனாலும் போதும், சிக்கல்தான்.

அதனால் முதலில் சோஷியல் செக்யூரிட்டி, அடுத்து டி.எம்.வி., அப்புறம் வாக்காளர் பதிவு என்ற வரிசையில் போங்கள். மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கட்டும். பதிவை ‘வோட் டாட் கவ்’ என்ற அரசுத் தளத்தில் தொடங்கலாம். அது உங்கள் மாநிலப் பக்கத்துக்குக் கூட்டிப்போகும். டெக்சஸில் தேர்தலுக்கு 30 நாள் முன்பே பதிவு முடிந்துவிடும். உரிமம் புதுப்பிக்கும்போது தவிர அங்கே ஆன்லைன் பதிவும் இல்லை. படிவத்தில் கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்ப வேண்டும், அல்லது நேரில் கொடுக்க வேண்டும். மினசோட்டா, விஸ்கான்சின் போன்ற மாநிலங்களில் தேர்தல் நாளன்றேகூடப் பதிவு செய்யலாம். அதை நம்பிக் கடைசி வரை இழுக்காமல் இருப்பது நல்லது.

படி 3: பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்

ஒருமுறை பதிவு செய்தால் ஆயுளுக்கும் இருக்கும் என்று நினைக்காதீர்கள். இறந்தவர்கள், வீடு மாறியவர்கள் பெயரை நீக்க மாநிலங்கள் பட்டியலைச் சுத்தம் செய்துகொண்டே இருக்கும். அது தேவையான வேலைதான். ஆனால் ஊரிலேயே இருப்பவர் பெயரும் அதில் அடிபடும். ஒஹையோவில் இரண்டு ஆண்டு ஓட்டுப் போடாதவர்களுக்கு முகவரியை உறுதிசெய்யச் சொல்லி ஓர் அட்டை அனுப்புவார்கள். அதற்குப் பதில் போடாமல், அடுத்த நான்கு ஆண்டுகளும் ஓட்டுப் போடாமல் இருந்தால் பெயர் நீங்கிவிடும். இந்த முறை செல்லும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. கவுண்டியிலிருந்து வரும் அப்படிப்பட்ட அட்டையை விளம்பரத் தபாலோடு சேர்த்துக் குப்பையில் போடாதீர்கள்.

மத்தியத் தேர்தலுக்கு முந்தைய 90 நாள்களில் மொத்தமாகப் பெயர் நீக்கும் வேலையை நடத்தக் கூடாது என்பது சட்டம். ஆகவே அந்த 90 நாள் தொடங்கியதும் ஒருமுறை, பதிவுக் கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்பு இன்னொரு முறை மாநிலத் தளத்தில் உங்கள் பெயரைத் தேடிப் பாருங்கள். திரையைப் படம் எடுத்து வையுங்கள். வீடு மாறினால் அடுத்த தெருவாக இருந்தாலும் முகவரியை மாற்றுங்கள்.

வாட்ஸ்அப்பில் வரும் தேர்தல் செய்தி எதையும் மாநிலத் தளத்தில் பார்க்காமல் குழுவில் தள்ளாதீர்கள். 2024 ஜனவரியில் நியூ ஹாம்ப்ஷயர் மக்களுக்கு அதிபர் பைடனின் குரலிலேயே போன் வந்தது. கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலில் ஓட்டுப் போட வேண்டாம், நவம்பருக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றது அந்தக் குரல். அது செயற்கை நுண்ணறிவால் செய்த போலி. ஏற்பாடு செய்தவருக்கு 60 லட்சம் டாலர் அபராதம் விழுந்தது.

படி 4: தபால் ஓட்டு என்றால் கையெழுத்துதான் எல்லாம்

தபால் ஓட்டு உறையில் நீங்கள் போடும் கையெழுத்தை, டி.எம்.வி.-யிலோ பதிவுப் படிவத்திலோ போட்டதோடு பல மாநிலங்களில் ஒப்பிடுவார்கள். பழக்கத்தில் தமிழில் கையெழுத்துப் போடுபவர்கள், உரிமத்துக்கு எந்தக் கையெழுத்தைக் கொடுத்தோம் என்று எடுத்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். இரண்டும் பொருந்தவில்லை என்றால் பல மாநிலங்கள் கடிதமோ மின்னஞ்சலோ அனுப்பித் திருத்த வாய்ப்புத் தரும். அதற்குச் சில நாள்தான் அவகாசம். போன் எண்ணையும் மின்னஞ்சலையும் படிவத்தில் கொடுப்பது இதற்காகத்தான்.

பென்சில்வேனியாவில் இரண்டு உறைகள் வரும். சீட்டை முதலில் உள்ளுறையில் வைக்க வேண்டும். மறந்தால் ஓட்டு செல்லாது. வெளியுறையில் கையெழுத்தோடு தேதியும் கேட்பார்கள்; அந்தத் தேதியை வைத்தே ஆண்டுக்கணக்கில் வழக்குகள் நடந்திருக்கின்றன. அனுப்பிய உறை போய்ச் சேர்ந்ததா என்று பல மாநிலங்களில் ஆன்லைனில் பார்க்கலாம். ஒரு வாரத்துக்கும் குறைவாக நேரம் இருந்தால் தபாலை நம்ப வேண்டாம். கவுண்டியின் அதிகாரபூர்வப் பெட்டியிலோ அலுவலகத்திலோ நேரில் போடுங்கள்.

படி 5: நேரில் போகும்போது

நவம்பர் மாதத்தின் முதல் திங்களுக்கு அடுத்து வரும் செவ்வாய்க்கிழமைதான் தேர்தல் நாள். அன்று பலருக்கும் அலுவலகம் உண்டு. உங்கள் மாநிலத்தில் முன்கூட்டியே ஓட்டுப் போடும் நாள்கள் இருந்தால் அப்போதே முடித்துவிடுங்கள். ஏதாவது கோளாறு என்றாலும் சரிசெய்ய நேரம் இருக்கும்.

எந்த அட்டை செல்லும் என்று முதல்நாளே பாருங்கள். டெக்சஸில் துப்பாக்கி உரிமம் செல்லும், கல்லூரி அட்டை செல்லாது. வாக்குச்சாவடி மூடும் நேரத்தில் நீங்கள் வரிசையில் நின்றால் போதும், ஓட்டுப் போட உங்களுக்கு உரிமை உண்டு. யார் சொன்னாலும் வரிசையை விட்டு நகராதீர்கள்.

சீட்டில் தப்பாகக் குறித்துவிட்டால் அடித்துத் திருத்த வேண்டாம், புதுச் சீட்டு கேளுங்கள். 2017-இல் வர்ஜீனியாவின் நியூபோர்ட் நியூஸ் நகரில் சட்டமன்றத் தொகுதி ஒன்றில் மறு எண்ணிக்கைக்குப் பிறகு ஒருவர் ஒரே ஓட்டில் முன்னணியில் இருந்தார். ஒரு வாக்காளர் இரண்டு வட்டங்களையும் நிரப்பி, ஒன்றின்மேல் கோடு இழுத்திருந்தார். அந்தச் சீட்டை நீதிபதிகள் மற்றவருக்கு என்று கணக்கில் எடுத்ததும் இருவருக்கும் 11,608 ஓட்டுகள்! கடைசியில் ஒரு கிண்ணத்தில் பெயர்களைப் போட்டுக் குலுக்கித்தான் வெற்றியாளரை எடுத்தார்கள்.

பட்டியலில் உங்கள் பெயர் இல்லை என்று சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். முதலில் இது உங்கள் வாக்குச்சாவடிதானா என்று கேளுங்கள். தப்பான சாவடியில் போட்ட ஓட்டைச் சில மாநிலங்கள் எண்ணவே மாட்டா. சரியான இடம்தான் என்றால் ‘ப்ரொவிஷனல் பேலட்’ கொடுங்கள் என்று அந்த வார்த்தையைச் சொல்லியே கேளுங்கள். 2002-ஆம் ஆண்டுச் சட்டம் தரும் உரிமை அது. தகுதியைச் சரிபார்த்த பிறகு அதை எண்ணுவார்கள். எண்ணினார்களா, இல்லை என்றால் ஏன் என்று பார்க்கும் வழியையும் எழுத்தில் கொடுக்க வேண்டும். அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். தகராறு என்றால் 866-687-8683 என்ற எண்ணில் கட்சி சாராத தன்னார்வலர்கள் உதவுவார்கள்.

படி 6: அம்மா, அப்பாவைக் கூட்டிப் போகும்போது

வயது 55 நிரம்பி, கிரீன் கார்டோடு 15 ஆண்டு. அல்லது 50 நிரம்பி, 20 ஆண்டு. இந்தக் கணக்கில் வருபவர்கள் குடியுரிமைத் தேர்வில் தங்கள் தாய்மொழியிலேயே பதில் சொல்லலாம். அப்படித் தமிழில் பதில் சொல்லிக் குடிமக்களான பெரியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வாக்குச்சீட்டு அவர்களுக்குப் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வரும். சிகாகோ இருக்கும் குக் கவுண்டியில் இந்தியும், நியூயார்க்கின் குயின்ஸில் வங்காளமும் மத்திய அரசின் சட்டப்படி கிடைக்கின்றன. தமிழுக்கு இன்னும் அந்த நிலை வரவில்லை.

ஆனால் வாக்குரிமைச் சட்டத்தின் 208-ஆவது பிரிவு அவர்களுக்குக் கைகொடுக்கும். கண் தெரியாதவர், உடல் இயலாதவர், எழுதப் படிக்க முடியாதவர் தாங்கள் விரும்பும் ஒருவரைத் துணைக்கு உள்ளே கூட்டிப் போகலாம். வேலை கொடுத்தவரும் அவருடைய ஆளும் தொழிற்சங்க நிர்வாகிகளும் மட்டும் கூடாது. மகளோ மருமகனோ போகலாம். சாவடியில் யாராவது தடுத்தால் “செக்‌ஷன் 208” என்று சொல்லி மேற்பார்வையாளரைக் கூப்பிடுங்கள். துணைக்குப் போகிறவர் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருக்கலாம். உள்ளே போனால் வாசித்துக் காட்டுங்கள், அம்மா சொல்வதைக் குறியுங்கள். யாருக்குப் போடலாம் என்று நீங்களாகச் சொல்லாதீர்கள். அது அவருடைய ஓட்டு.

படி 7: எண்ணுவதைப் பாருங்கள்

தேர்தல் இரவில் டிவி சொல்வது அதிகாரபூர்வ முடிவு அல்ல. பென்சில்வேனியாவிலும் விஸ்கான்சினிலும் தபால் உறைகளைத் தேர்தல் நாள் காலைக்கு முன்பு பிரிக்கவே சட்டம் விடாது. நள்ளிரவில் முன்னணி மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். அதை மோசடி என்று பரப்புமுன் உங்கள் மாநிலத்தில் தபால் ஓட்டு எப்போது எண்ணப்படுகிறது என்று பாருங்கள்.

சந்தேகம் இருந்தால் நேரில் போய்ப் பார்க்கலாம். தேர்தலுக்கு முன் எந்திரங்களைச் சோதிப்பது, முடிவுகளைச் சரிபார்க்கும் கூட்டங்கள், தணிக்கை ஆகியவை பெரும்பாலும் பொதுமக்கள் பார்க்கலாம் என்ற ஏற்பாட்டில்தான் நடக்கும். 2020-இல் ஜார்ஜியாவில் சுமார் 50 லட்சம் அதிபர் தேர்தல் ஓட்டுகளையும் கையால் எண்ணினார்கள். அப்போது ஃப்ளாய்டு கவுண்டியில் முதலில் கணக்கில் வராமல் விடுபட்ட சுமார் 2,600 ஓட்டுகள் கிடைத்தன. சுமார் 12,000 ஓட்டு வித்தியாசத்தில் இருந்த முடிவு மாறவில்லை. காகிதச் சீட்டு இருந்ததால்தான் தப்பும் தெரிந்தது, முடிவு சரி என்பதும் தெரிந்தது.

படி 8: அடுத்த தேர்தலில் மேசைக்கு அந்தப் பக்கம்

வாக்குச்சாவடி ஊழியர்களுக்கு எப்போதும் தட்டுப்பாடு உண்டு. வழக்கமாகச் சில மணி நேரப் பயிற்சியும் அன்றைக்கு ஊதியமும் தருவார்கள். பல மாநிலங்களில் 16 வயது மாணவர்களையும் சேர்க்கிறார்கள். ஓட்டுரிமை இல்லாத கிரீன் கார்டுக்காரர்களைக்கூட கலிஃபோர்னியா இந்த வேலைக்கு எடுக்கிறது. நம் பெரியவர்கள் அதிகம் இருக்கும் பகுதியில் தமிழ் தெரிந்த ஒருவர் அந்த மேசையில் இருந்தால் எவ்வளவோ தடுமாற்றம் குறையும். தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்பே உங்கள் கவுண்டியின் தேர்தல் தளத்தில் விண்ணப்பியுங்கள். படிவத்தில் மொழி கேட்கும் இடம் இருந்தால் தமிழ் என்று எழுத மறக்காதீர்கள்.