பேக்நெட்: விசிறியை நிறுத்திச் சோதித்தபின் பிடியை விடுவது எப்படி?

ஏஎச்யூ (கட்டடத்துக்குள் பதப்படுத்திய காற்றை அனுப்பும் இயந்திரம்) ஒன்றின் விசிறியைச் சோதனைக்காக நிறுத்தினேன். வேலை முடிந்ததும் மீண்டும் ஓடவிட்டேன். அன்று மாலை கால அட்டவணைப்படி நின்றிருக்க வேண்டிய அந்த விசிறி, விடியும்வரை ஓடிக்கொண்டே இருந்தது. அட்டவணையில் தவறில்லை, விசிறியை இயக்கும் கன்ட்ரோலரிலும் பழுதில்லை. நான் எழுதிய மதிப்பைத் திரும்பப் பெறாததுதான் காரணம். அந்தப் படியை இங்கே விரிவாகவும் மற்றவற்றைச் சுருக்கமாகவும் எழுதுகிறேன்.

பேக்நெட் என்பது கட்டடங்களில் உள்ள ஏசி போன்றவற்றின் கன்ட்ரோலர்கள் ஒன்றோடொன்று பேசுவதற்காக, ஆஷ்ரே என்னும் அமெரிக்கப் பொறியாளர் அமைப்பு 1995இல் 135 என்ற எண்ணில் வெளியிட்ட திறந்த தரநிலை. 2003இல் ஐஎஸ்ஓ 16484-5 ஆகவும் ஏற்கப்பட்டது. ஆகவே கன்ட்ரோலரை யார் தயாரித்திருந்தாலும், அது பேக்நெட் பேசுமானால், கீழே உள்ள முறை பொருந்தும்.

படி 1: கருவி

தயாரிப்பாளர் தரும் மென்பொருளைவிட யாபே என்னும் இலவச மென்பொருளையே நான் பரிந்துரைப்பேன். முன்னதில் 'ஆட்டோ', 'மேனுவல்' என்ற பொத்தான்களுக்குப் பின்னால் மறைந்துவிடும் விவரங்களை, யாபே தரநிலையின் பெயர்களிலேயே காட்டுகிறது. அதனுடன் வரும் அறை சிமுலேட்டரில் பழகிய பிறகு உண்மையான கன்ட்ரோலரைத் தொடுங்கள்.

படி 2: தேடுதல்

உங்கள் நெட்வொர்க் கார்டின் ஐபி முகவரியையும், யுடிபி போர்ட் 47808ஐயும் தேர்ந்தெடுங்கள். யாபே 'ஹூ-இஸ்' என்று அனைவரையும் கேட்கும். கன்ட்ரோலர்கள் தத்தம் சாதன எண்ணுடன் 'ஐ-ஆம்' என்று பதில் தரும்.

படி 3: படித்தல்

கன்ட்ரோலரில் உள்ள ஒவ்வொரு உள்ளீடும் வெளியீடும் மதிப்பும் யாபேயில் ஓர் ஆப்ஜெக்ட்டாகத் தெரியும். அறை வெப்பநிலைக்கான அனலாக் இன்புட்டைத் (சென்சாரின் அளவைத் தரும் ஆப்ஜெக்ட்) திறந்து, பிரசன்ட் வேல்யூவை, அதாவது தற்போதைய மதிப்பைப் பாருங்கள். யூனிட்ஸ் என்ற இடத்தில் 62 என்று வந்தால் அது செல்சியஸ். ஸ்டேட்டஸ் ஃபிளாக்ஸ் என்னும் நிலைக் குறிகளில் 'ஃபால்ட்' (பழுது) எழுந்திருந்தால், எண் எவ்வளவு பொருத்தமாகத் தெரிந்தாலும் அதை நம்ப வேண்டாம்.

படி 4: எழுதுதல், பிறகு விடுதல்

விசிறியை இயக்கும் பைனரி அவுட்புட்டுக்கு (ஓடு, நில் என்ற இரு நிலை மட்டும் கொண்ட வெளியீடு) ஒரே ஒரு மதிப்புதான் இருப்பதாக நான் நினைத்திருந்தேன். உண்மையில் அதற்குப் பின்னால் பிரையாரிட்டி அர்ரே என்னும் முன்னுரிமைப் பட்டியலின் 16 தட்டுகள் உள்ளன. 1ஆம் தட்டுக்கே அதிகாரம் மிகுதி. 16க்கு மிகக் குறைவு. 1, 2 ஆகியவை உயிர்ப் பாதுகாப்புக்கு உரியவை என்பதால், சோதனைக்காக அவற்றைத் தொடவே கூடாது. மனிதர் கையால் தரும் கட்டளைக்கு உரியது 8.

எங்கள் அட்டவணை 16இல் எழுதிக்கொண்டிருந்தது. நான் 8இல் 0 எழுதினேன், விசிறி நின்றது. 8இலேயே 1 எழுதினேன், ஓடியது. மாலையில் அட்டவணை தன் கடமைப்படி 16இல் 0 எழுதியபோதும், 8இல் இருந்த என் 1 அதை மேலிருந்து மறைத்துக்கொண்டது.

நான் எழுதியிருக்க வேண்டியது 1 அன்று, 'நல்' என்னும் வெற்று மதிப்பு. 0 என்பது 'நிறுத்து' என்ற கட்டளை. 'நல்' என்பது 'எனக்கு இனி இதில் கட்டளை ஏதும் இல்லை' என்ற விடுவிப்பு. 8இல் எழுதியதை 8இலேயே விடுவிக்க வேண்டும். முன்னுரிமை எண்ணை, அதாவது தட்டின் எண்ணைக் குறிப்பிடாமல் 'நல்' எழுதினால் அது 16க்குப் போய்ச் சேரும், உங்கள் கட்டளை அப்படியே இருக்கும். விடுவித்ததும் பிரையாரிட்டி அர்ரேயைத் திறந்து, 8ஆம் இடம் வெறுமையாகிவிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகே மடிக்கணினியை மூடுங்கள். எல்லாத் தட்டுகளும் வெறுமையானால் ரெலிங்க்விஷ் டிஃபால்ட் என்ற மதிப்பு செயலுக்கு வரும்; அது என்னவென்று முன்பே பார்த்து வைப்பது நல்லது.

பின்சேர்க்கை

தேடலில் எதுவுமே வரவில்லை என்று சிலர் எழுதியிருந்தனர். 'ஹூ-இஸ்' பிராட்காஸ்டாகச் செல்வதால், பொதுவாக ரவுட்டரைத் தாண்டாது. கன்ட்ரோலர் வேறு சப்நெட்டில் (நெட்வொர்க்கின் வேறு பகுதியில்) இருந்தால், அங்குள்ள பிபிஎம்டியின் (பிராட்காஸ்டை மற்றப் பகுதிகளுக்குக் கடத்தும் சாதனம்) முகவரியைக் கொடுத்து, யாபேயை அதில் ஃபாரின் டிவைஸாக, அதாவது வெளிச் சாதனமாகப் பதிவு செய்யுங்கள். மடிக்கணினியில் வைஃபை, கேபிள் இரண்டும் இணைந்திருந்தால், படி 2இல் சரியான கார்டைத்தான் தேர்ந்தெடுத்தீர்களா என்றும் பாருங்கள்.

அனலாக் வேல்யூ (கன்ட்ரோலருக்குள் இருக்கும் எண் மதிப்பு) ஒன்று 'நல்' மதிப்பை ஏற்க மறுப்பதாக இன்னொருவர் கேட்டிருந்தார். அவ்வகை ஆப்ஜெக்ட்டுக்குப் பிரையாரிட்டி அர்ரே இருந்தே ஆக வேண்டும் என்று தரநிலை கட்டாயப்படுத்தவில்லை. அது இல்லாத இடத்தில் எழுதினால் பழைய மதிப்பு அழிந்துவிடும். ஆகவே மாற்றுவதற்கு முன் அதைக் குறித்துக்கொண்டு, முடிந்ததும் அதையே திரும்ப எழுதுங்கள்.