லேப் கணினியில் கேம்ஸுக்குப் பூட்டு, சி++க்கு வழி

வட சென்னையில் ஒரு பள்ளியின் கணினி லேபுக்கு வாரம் இரண்டு நாள் போய்வருகிறேன். இருபது சிஸ்டம், ஒன்றுக்கு இரண்டு பிள்ளைகள். ரிச்சி ஸ்ட்ரீட் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு பக்கத்திலேயே இருக்கிற ஊரில் பென்டிரைவுக்கு என்ன பஞ்சம்? திங்கட்கிழமை நான் அழித்த கேம் புதன்கிழமை வேறொரு ஃபோல்டரில் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு கேமாகப் பெயர் சொல்லித் தடுப்பது வீண் வேலை, பெயரை மாற்றினால் தடை போச்சு. அதைவிட, எந்த இடத்திலிருந்து ப்ரோகிராம் ஓடலாம் என்று மட்டும் சொல்லிவிடுவது மேல். விண்டோஸில் ஆப்லாக்கர் இதைத்தான் செய்கிறது.

ஹோம் பதிப்பில் இதை அமைக்கும் திரையே கிடையாது. ப்ரோ, எஜுகேஷன் பதிப்புகளில் உண்டு. முன்பெல்லாம் ப்ரோவில் விதி எழுதலாம், ஆனால் அது அமலாகாது. ஒழுங்காக அப்டேட் செய்த விண்டோஸ் 10, 11-இல் இப்போது அமலாகிறது.

படி 1. பிள்ளைகள் நுழையும் கணக்கை ஸ்டாண்டர்டு யூசராக மாற்றுங்கள். அட்மின் பாஸ்வேர்டு கீபோர்டுக்கு அடியில் ஒட்டியிருந்தால் முதலில் அதைக் கிழித்துப் போடுங்கள் (சிரிக்காதீர்கள், பார்த்திருக்கிறேன்). ஸ்டாண்டர்டு யூசரால் ப்ரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரில் எதையும் போட முடியாது. நம் பூட்டு நிற்பதே இதை நம்பித்தான்.

படி 2. ஸ்டார்ட்டில் 'லோக்கல் செக்யூரிட்டி பாலிசி' என்று தேடித் திறந்து, அப்ளிகேஷன் கன்ட்ரோல் பாலிசிஸுக்குள் ஆப்லாக்கருக்குப் போங்கள். விதி எழுதும் முன்பே 'கான்ஃபிகர் ரூல் என்ஃபோர்ஸ்மென்ட்'டில் எக்ஸிக்யூட்டபிள் ரூல்ஸை (ப்ரோகிராம்களுக்கான விதிகள்) 'ஆடிட் ஒன்லி' ஆக்கிவிடுங்கள், அதாவது தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும். இதைத் தொடாமல் விதி எழுதினால் அது நேராக அமலுக்கு வந்துவிடும்.

படி 3. எக்ஸிக்யூட்டபிள் ரூல்ஸில் ரைட் கிளிக் செய்து 'கிரியேட் டிஃபால்ட் ரூல்ஸ்' கொடுங்கள். மூன்று விதிகள் வரும்: ப்ரோகிராம் ஃபைல்ஸில் இருப்பது எல்லோருக்கும் ஓடும், விண்டோஸ் ஃபோல்டரில் இருப்பதும் ஓடும், அட்மினுக்கு எல்லாம் ஓடும். 'பேக்கேஜ்டு ஆப் ரூல்ஸ்'லும் இதையே செய்யுங்கள். நான் முதல் தடவை அதை விட்டுவிட்டேன். அமலாக்கியதும் ஸ்டார்ட் மெனுவே திறக்கவில்லை, அரை நாள் போயிற்று.

படி 4. அப்ளிகேஷன் ஐடென்டிட்டி என்ற சர்வீஸ் ஓடாவிட்டால் ஆப்லாக்கர் வெறும் காகிதப் பூட்டு. சர்வீசஸ் திரையில் அதை ஆட்டோமேட்டிக் ஆக்கப் பார்த்தால் பெரும்பாலும் மறுத்துவிடும். கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினாகத் திறந்து, 'எஸ்சி கான்ஃபிக்' கட்டளையால் மாற்றிக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு வாரம் சும்மா இருங்கள். பிள்ளைகள் வழக்கம்போல வேலை செய்யட்டும். ஈவென்ட் வியூவர் என்ற விண்டோஸ் பதிவேட்டில், ஆப்லாக்கர் பதிவுகளில் 8003 என்ற எண் வந்தால், 'அமலில் இருந்திருந்தால் இதைத் தடுத்திருப்பேன்' என்று பொருள். கேம்ஸ் வரும் என்று தெரிந்ததுதான். கூடவே பனிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ப்ரோகிராம் எழுதும் பைத்தானும் வந்ததுதான் எனக்கு ஆச்சரியம். சாதாரணமாக இன்ஸ்டால் செய்தால் அது யூசரின் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் போய்விடுகிறது. எடுத்துவிட்டு, எல்லா யூசருக்கும் என்ற தேர்வோடு மறுபடி போட்டேன். பனிரண்டாம் வகுப்பின் தலைவலி தீர்ந்தது.

பதினோராம் வகுப்பின் தலைவலி வேறு மாதிரி. அவர்களுக்கு சி++ மொழி. அதை எழுதும் டெவ் சி++ மென்பொருளில் கம்பைல் செய்தால் (எழுதியதை ஓடும் ப்ரோகிராமாக மாற்றுவது), எழுதிய ஃபைலுக்குப் பக்கத்திலேயே ஒரு இஎக்ஸ்இ ஃபைல் பிறக்கும். அது டாக்குமென்ட்ஸில் இருந்தால் ஆப்லாக்கருக்கு அதுவும் பென்டிரைவ் கேமும் ஒன்றுதான். இரண்டு எண்ணைக் கூட்டும் ப்ரோகிராமுக்குக்கூட 'அட்மினிஸ்ட்ரேட்டர் தடுத்திருக்கிறார்' என்று வரும், பாவம்.

இதற்கு நான் செய்தது: டி டிரைவில் 'லேப்' என்று ஒரு ஃபோல்டர், எக்ஸிக்யூட்டபிள் ரூல்ஸில் 'கிரியேட் நியூ ரூல்' வழியாக அதற்கு ஒரு பாத் விதி (இந்த ஃபோல்டரில் இருப்பது ஓடலாம் என்பது), அனுமதி. சி++ ஃபைல்களை அங்கேதான் சேமிக்க வேண்டும். "சார், நாங்களே கேம் எழுதி அதுல போட்டா ஓடுமா?" என்று ஒரு பையன் கேட்டான். ஓடும், தாராளமாக எழுது என்றேன்.

ஓட்டை புரிந்திருக்கும், யாராவது பென்டிரைவ் கேமையும் அங்கேயே காப்பி செய்யலாம். அதனால் டி டிரைவின் ப்ராப்பர்ட்டீஸில் கோட்டா டேபுக்குப் போய், யூசருக்கு 200 எம்பி என்று வரம்பு வைத்து, அதைத் தாண்டினால் இடம் தரக் கூடாது என்ற பெட்டியையும் டிக் செய்தேன். பிள்ளைகள் எழுதும் ப்ரோகிராம் ஓரிரு எம்பிதான் வரும். பெரிய கேம் நுழையாது. சின்ன கேம் நுழையும். வெள்ளிக்கிழமை மாலை ஃபோல்டரைக் காலி செய்துவிடுவேன்.

படி 5. 8003 பட்டியலில் தேவையானது எதுவும் மிச்சமில்லை என்றால் 'ஆடிட் ஒன்லி'யை 'என்ஃபோர்ஸ் ரூல்ஸ்' ஆக்குங்கள். மாணவர் கணக்கில் நுழைந்து, பென்டிரைவிலிருந்து எதையாவது ஓட்டிப் பாருங்கள். தடுத்ததா? சரி. லேப் ஃபோல்டரில் ஒரு சி++ ப்ரோகிராம் ஓடுகிறதா? அதுவும் சரி என்றால் ஆப்லாக்கரில் ரைட் கிளிக், 'எக்ஸ்போர்ட் பாலிசி'. வரும் எக்ஸ்எம்எல் ஃபைலை மற்ற பத்தொன்பது சிஸ்டத்திலும் இம்போர்ட் செய்தால் போதும், விதிகளைத் திரும்ப எழுத வேண்டாம். ஆனால் சர்வீஸும் கோட்டாவும் அந்த ஃபைலோடு வராது. அவற்றை ஒவ்வொரு சிஸ்டத்திலும் கையால்தான் செய்ய வேண்டும்.