பள்ளியில் முதலிடம் பெற்றவர் கல்லூரியில் சோர்ந்துபோனால்

பள்ளியில் அதிகம் படிக்காமலேயே நூற்றுக்கு நூறு வாங்கியவர், பொறியியல் முதல் பருவத்தில் கணிதத் தாளில் அரியர் விழுந்ததும் புத்தகத்தையே தொடாமல் போவது, பெரும்பாலும் திணறிப் படித்துப் பழகாததால்தான். 1998இல் உளவியல் ஆய்வாளர்களான கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் வெளியிட்ட ஆய்வில், புத்திசாலி என்று பாராட்டப்பட்ட சிறுவர்கள், முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்களைவிடத் தோல்விக்குப் பின் குறைந்த விடாமுயற்சியையே காட்டினார்கள்.

ஆகவே, தெரியாத ஒரே ஒரு கணக்கை எடுத்து, விடைப் பக்கத்தைப் புரட்டாமல் 20 நிமிடம் போராடுங்கள். எந்த வரியில் சிக்கினீர்கள் என்று ஓரத்தில் குறித்துவைத்து, மறுநாள் அந்த வரியை மட்டும் ஆசிரியரிடம் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படுவதுதான் இதில் மிகப் பெரிய தடை என்பேன். மதிப்பெண்ணை வீட்டில் மறைக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேலாக உறக்கமும் பசியும் கெட்டு, எதிலும் நாட்டமின்றி இருந்தால், மனநல மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். டெலி மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம்.