பசுமைக்குடில் பூச்சிகள்: வாசலிலும் இலையின் அடியிலும்

ஏற்காட்டில் குடைமிளகாய் வளரும் பசுமைக்குடிலுக்கும் ஓமலூர்ப் பக்கம் வெள்ளரி வளரும் குடிலுக்கும் பூச்சித் தொல்லை ஒரே மாதிரி வருவதில்லை. சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டின் குளிர்ச்சி, இளந்தளிரில் கூட்டமாய்ச் சாறு உறிஞ்சும் அசுவினிக்கு இதமானது. மாசி பிறந்ததும் காய்ந்துவிடும் சேலம் சமவெளியில் சிவப்புச் சிலந்திப்பேன்தான் முதலில் தலைகாட்டும். ஆனால் இரண்டு இடத்திலும் உண்மை ஒன்றே: குடிலுக்குள் மழை அடித்துக் கழுவாது, பூச்சிகளைத் தின்னும் பொறிவண்டு தானாக வந்து சேராது, ஆகவே உள்ளே நுழைந்துவிட்ட பூச்சியைத் தட்டிக்கேட்க யாரும் இல்லை. தெளிக்கும் கரைசல்களைப் பற்றி யோசிக்கும் முன் வாசலைப் பற்றி யோசிக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

பக்கச் சுவர்களுக்கு 40 மெஷ் (அங்குலத்துக்கு 40 கண்) பூச்சித்தடுப்பு வலை போட்டால் வெள்ளை ஈ பெரும்பாலும் தடைபடும். மிகச் சிறிய இலைப்பேன் (த்ரிப்ஸ்) அதிலும் புகுந்துவிடும் என்பதை மறக்கலாகாது. இரட்டைக் கதவு அவசியம். புதிய நாற்றுகளைப் பத்து நாளாவது தனியே வைத்துப் பார்த்த பிறகே உள்ளே கொண்டுவர வேண்டும். மஞ்சள் நிறம் வெள்ளை ஈயை ஈர்ப்பதால், மஞ்சள் சட்டையோடு குடிலுக்குள் போகாமல் இருப்பதும் நல்லது.

வாரம் இருமுறை, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்சுடன் இலைகளைத் திருப்பிப் பாருங்கள். செடியை அசைத்ததும் வெண்துகளாகப் பறப்பது வளர்ந்த வெள்ளை ஈ. அதன் குஞ்சோ, இலையோடு ஒட்டி அசையாமல் கிடக்கும் வெளிறிய செதில். ஊசியால் குத்தினாற்போல் வெளிர்ப் புள்ளிகள் தெரியும் இலையை வெள்ளைக் காகிதத்தின்மேல் தட்டினால், விழுந்த துகள்கள் மெல்ல நகரும், அவை சிலந்திப்பேன்கள். தொடக்க நிலையில் இலையின் அடிப்புறத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே இவற்றின் எண்ணிக்கை குறையும். வெள்ளை ஈக்கும் அசுவினிக்கும் மஞ்சள் ஒட்டுப்பொறியையும், இலைப்பேனுக்கு நீலப் பொறியையும் செடியின் உச்சிக்குச் சற்று மேலே தொங்கவிட்டு, பயிர் வளர வளர உயர்த்திக் கட்ட வேண்டும்.

எண்ணிக்கை கூடினால் வேப்பங்கொட்டைக் கரைசல். பத்து லிட்டருக்கு அரைக் கிலோ பருப்பு போதும். நிழலில் உலர்த்திய, ஓராண்டுக்கு மேற்படாத கொட்டையின் பருப்பை இடித்து, துணியில் கட்டி, இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவிட்டு, காலையில் பால் வெள்ளையாகச் சாறு இறங்கும்வரை பிழிந்து வடிகட்டி, பத்து லிட்டராக்கி, இலையில் ஒட்டுவதற்குச் சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்க்க வேண்டும். வெயிலில் இதன் வீரியம் கெடும் என்பதால் அன்று மாலையே, இலையின் அடிப்புறம் நனையும்படி தெளியுங்கள். முதல் முறை நாலைந்து செடிகளில் மட்டும் தெளித்து, இலை கருகுகிறதா என்று இரண்டு நாள் பாருங்கள். முட்டையை இது அழிக்காது. ஆகவே வாரம் ஒருமுறை என்று மூன்று முறையாவது தெளிக்க வேண்டியிருக்கும்.

நன்மை செய்யும் பூச்சிகளை விடுவதாயின் கரைசல் தெளிப்பதைச் சில நாள் முன்பே நிறுத்திவிட வேண்டும். பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டை தலைமுடி போன்ற காம்பின் நுனியில் நிற்கும். பொரிந்து வரும் புழு அசுவினியைப் பிடித்து உறிஞ்சும், பசித்தால் தன் இனத்தையே தின்னும். அதனால் முட்டைகளை ஒரே இடத்தில் குவிக்காமல் செடிக்குச் செடி பரப்பி விடுங்கள். மாவுப்பூச்சிக்குக் கிரிப்டோலேமஸ் பொறிவண்டு நல்ல எதிரி. 2010இல் தமிழ்நாட்டில் விடப்பட்ட அசெரோஃபேகஸ் என்னும் சிறு ஒட்டுண்ணி பப்பாளி மாவுப்பூச்சியை எப்படி அடக்கியது என்பதைக் கண்ட குச்சிக்கிழங்கு விவசாயிகளுக்கு இந்த முறைமேல் நம்பிக்கை இருக்கும். எறும்புகளை மட்டும் தடுத்துவிட வேண்டும். தேன்போன்ற கழிவுக்காக அவை அசுவினியையும் மாவுப்பூச்சியையும் காவல் காக்கும். ஐயம் இருந்தால் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ ஏற்காடு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலோ இலையைக் காட்டிக் கேட்கலாம்.

அறுவடை முடிந்ததும் செடிகளை அன்றே மூட்டைகட்டி வெளியேற்றி, களை ஒன்றுகூட இல்லாமல் சுத்தம் செய்து, குடிலை இரண்டு மூன்று வாரம் மூடி வையுங்கள். மண்ணிலிருந்து வெளிவரும் இலைப்பேனும் எஞ்சிய ஈயும் உண்ண இலையின்றி மடிந்த பிறகு அடுத்த நாற்றை நடலாம்.