மேட்டில் வாடகை வீடு: லாஸ் ஏஞ்சலஸ் மலைச்சரிவுக்குக் குடிபோகும் முன்

மவுண்ட் வாஷிங்டன், பீச்வுட் கேன்யன், லாரல் கேன்யன், பெவர்லி க்ளென். எல்லாமே லாஸ் ஏஞ்சலஸ் ஊருக்குள் இருப்பவைதான், ஆனால் மரநிழலிலும் அமைதியிலும் ஊரே மறந்துபோகும். விளம்பரப் படத்தைப் பார்த்ததும் மனம் ஓடிவிடும். கொஞ்சம் பொறுங்கள். மேட்டில் வீட்டுக்கு முன்னால் பார்க்க வேண்டியது ரோடு.

வீடு காட்டுகிறவர் பகலில் வரச் சொல்வார். அந்த நேரத்தில் பாதிக் கார்கள் வேலைக்குப் போயிருக்கும். இரவு 9 மணிக்கு இன்னொரு முறை போய்ப் பாருங்கள். இங்கே பல தெருக்கள் 20 அடி அகலம்கூட இல்லாதவை. ஓரத்தில் கார்கள் நின்றுவிட்டால், எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகளில் ஒன்று கொண்டை ஊசி வளைவு வரை ரிவர்ஸில் போக வேண்டியிருக்கும். கராஜ் உண்டு என்று எழுதியிருந்தால் உங்கள் காரை உள்ளே விட்டுப் பார்த்துவிடுங்கள். பழைய வீட்டு கராஜில் எஸ்யூவி நுழைந்தாலும் கதவைத் திறந்து இறங்க இடமிருக்காது.

சரிவில் நிறுத்தும் முறை டிரைவிங் டெஸ்ட்டிலும் வரும், தினமும் வேண்டியும் இருக்கும். இறக்கத்தைப் பார்த்து நிறுத்தினால் முன்சக்கரத்தை நடைபாதை விளிம்பை நோக்கித் திருப்ப வேண்டும். ஏற்றத்தைப் பார்த்து நிறுத்தினால் விளிம்புக்கு எதிர்ப்பக்கம் திருப்பி, சக்கரம் விளிம்பில் மெல்ல முட்டும்வரை பின்னால் விட வேண்டும். விளிம்பே இல்லாத தெருவில் ஏற்றமானாலும் இறக்கமானாலும் ரோட்டோரத்தை நோக்கித்தான். மூன்றிலும் ஹேண்ட் பிரேக் கட்டாயம்.

அடுத்தது தீ. காற்றின் ஈரப்பதம் 15 சதவீதமோ அதற்குக் கீழோ இறங்கி, காற்று மணிக்கு 25 மைல் வேகத்தைத் தொட்டால், நகரத் தீயணைப்புத் துறை ரெட் ஃபிளாக் நாள் அறிவிக்கும். அன்று அதற்கான போர்டு உள்ள குறுகிய தெருக்களிலும் முக்கிய வளைவுகளிலும் கார் நிற்கக் கூடாது, நின்றால் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். உங்கள் தெருவில் அந்த போர்டு இருக்கிறதா, இருந்தால் அன்று இரவு காரை எங்கே விடுவது என்பதை லீஸில் கையெழுத்திடும் முன்பே யோசித்துவிடுங்கள். கீழே இறங்க எத்தனை வழி என்றும் எண்ணுங்கள். 2025 ஜனவரி 7 அன்று இந்த ஊரின் பாலிசேட்ஸ் பகுதியில் பற்றிய தீயில் மக்கள் நெரிசலில் சிக்கி, காரை நடுரோட்டில் விட்டுவிட்டு நடந்து தப்பினார்கள். அந்தக் கார்களைப் பிறகு புல்டோசர் வைத்து ஒதுக்க வேண்டியிருந்தது. முட்டுச்சந்தில் கடைசி வீடு அமைதியாகத்தான் இருக்கும், வெளியேறும்போதுதான் அதன் விலை தெரியும். குடிபோன அன்றே நகரத்தின் அவசர எச்சரிக்கைச் சேவையான நோட்டிஃபை எல்.ஏ.வுக்குப் (NotifyLA) பதிவு செய்யுங்கள். பள்ளத்தாக்குகளில் செல்போன் சிக்னல் இழுபறி என்பதால் வைஃபை காலிங்கையும் போட்டு வையுங்கள்.

கலிஃபோர்னியாவில் குடியேறியவர் 10 நாளுக்குள் இங்குள்ள லைசன்ஸுக்குப் போக வேண்டும். இன்டர்நேஷனல் பர்மிட் அதற்கு ஈடாகாது. பழகுநர் பர்மிட்டில் தனியாக ஓட்ட முடியாது, பக்கத்தில் லைசன்ஸ் உள்ள பெரியவர் ஒருவர் உட்கார வேண்டும். பஸ் பெரும்பாலும் சமதளத்தோடு நின்றுவிடும். மெட்ரோ ஏ லைன் ரயில் மவுண்ட் வாஷிங்டன் அடிவாரத்தில் சவுத்வெஸ்ட் மியூசியம் நிலையத்தில் இறக்கிவிடும், மேலே ஏறுவது உங்கள் பாடு. ஆகவே லைசன்ஸ் கைக்கு வரும்வரை கீழே, ரயிலடி ஓரமாக ஒரு தற்காலிக இடம் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் யோசனை. ஊரிலிருந்து அப்பா அம்மா ஆறு மாதம் வந்து தங்குவார்கள் என்றால் இன்னும் கொஞ்சம் யோசியுங்கள். நடைபாதையே இல்லாத செங்குத்துத் தெருவில் அவர்களால் மாலை நடை போக முடியாது. நாள் முழுக்க ஜன்னலோரம்தான்.

தெருவிலிருந்து வாசல்வரை எத்தனை படி என்று எண்ணுங்கள். மளிகைப் பையும் குழந்தையின் ஸ்ட்ரோலரும் தினமும் அந்தப் படிகளில்தான் ஏறும். சாமான் ஏற்ற 26 அடி டிரக் எடுத்தால் வளைவில் மாட்டிக்கொள்ளும். 15 அடி டிரக்கை இரண்டு நடை அடிப்பது மேல். இந்த ஊரில் ஃபிரிட்ஜ் இல்லாமலே வீடு கொடுக்கும் விநோத வழக்கம் நெடுநாள் இருந்தது. 2026 ஜனவரி 1 முதல் போடும் லீஸ்களில் வேலை செய்யும் அடுப்பையும் ஃபிரிட்ஜையும் உரிமையாளரே தர வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. அவற்றை 60 படி ஏற்றும் வேலை உங்களுக்கு இல்லை.

வீட்டுக்குள் மலைப்பக்கச் சுவரைத் தடவிப் பாருங்கள். மண்ணை வெட்டிக் கட்டிய அறைகளில் அந்தச் சுவர் ஈரத்தை உறிஞ்சும். அலமாரியைத் திறந்து முகர்ந்தால் பூஞ்சை வாடை சொல்லிவிடும். இங்கே மழை பெரும்பாலும் குளிர்காலத்தில்தான் என்பதால் கோடையில் பார்க்கும் வீடு எதையும் காட்டிக்கொடுக்காது. வெளியே தாங்குசுவரின் அடியில் தண்ணீர் வடியச் சிறு துளைகள் இருக்கும். அவை அடைபட்டிருந்தால், அல்லது சுவர் நடுவில் வயிறு தள்ளியிருந்தால், பின்னால் நீர் தேங்குகிறது என்று பொருள். கதவு நிலையின் மூலையில் சாய்வான விரிசல், தானாகவே திறந்துகொள்ளும் கதவு இரண்டும் அஸ்திவாரம் நகர்ந்திருக்கலாம் என்பதற்கு அறிகுறி. கால்கள் மேல் நிற்கும் வீடு என்றால் கீழே இறங்கிப் போய் குறுக்குச் சட்டங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் அப்படிப்பட்ட சில மலை வீடுகள் சரிந்து விழுந்தன.

காகித வேலைக்கு வருவோம். முதலில் மனை விவரங்களைக் காட்டும் நகரத்தின் சிமாஸ் (ZIMAS) இணையதளத்தில் முகவரியைத் தட்டுங்கள். தீ அபாய மண்டலமா, வாடகைக் கட்டுப்பாடு உண்டா என்று இலவசமாகக் காட்டும். 1978 அக்டோபர் 1 அல்லது அதற்கு முன் கட்டிய, ஒரே மனையில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட குடியிருப்புகள் உள்ள இடங்கள் பொதுவாக அந்தக் கட்டுப்பாட்டில் வரும்.

கிரெடிட் ஸ்கோர் இல்லாததால் ஆறு மாத அட்வான்ஸ் தருகிறேன் என்று நீங்களாகவே நீட்டாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் டெபாசிட்டுக்கு உச்சவரம்பு ஒரு மாத வாடகை. இரண்டு சொத்துக்கு மேல் இல்லாத, மொத்தம் நான்கு குடியிருப்புக்குள் வைத்திருக்கும் தனிநபர் உரிமையாளர் மட்டும் இரண்டு மாதம் கேட்கலாம். மேட்டில் பலரும் அந்த வகைதான். வேலை ஆஃபர் லெட்டரும் வங்கி ஸ்டேட்மென்ட்டும் கையில் தயாராக இருக்கட்டும்.

லீஸில் புதர் வெட்டுவது யார் பொறுப்பு என்று தேடுங்கள். தீ மண்டலத்தில் கட்டடத்தைச் சுற்றி 200 அடிவரை நகரம் சுத்தம் கேட்கும், அந்தச் செலவு உங்கள் தலையில் விழக் கூடாது. பெரிய வீட்டின் கீழ்த்தளத்தை எடுத்தால், மீட்டர் யாருக்கெல்லாம் ஓடுகிறது என்று எழுத்தில் கேளுங்கள். வாடகைதாரர் இன்ஷூரன்ஸுக்குக் கையெழுத்துக்கு முன்பே விலை கேளுங்கள், சில கம்பெனிகள் இந்த பின்கோடுகளுக்கு மறுத்துவிடும். நிலநடுக்கமும் சேற்றுச்சரிவும் சாதாரண பாலிசியில் அடங்காது.

சாவி வாங்கிய அன்றே, சாமான் இறக்கும் முன், ஒவ்வொரு விரிசலையும் ஈரக்கறையையும் தேதியோடு படமெடுத்து உரிமையாளருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். காலி செய்த 21 நாளுக்குள் அவர் டெபாசிட்டைத் திருப்பித் தர வேண்டும், பிடித்தம் செய்தால் கணக்குக் காட்ட வேண்டும். அந்தக் கணக்கில் பழைய விரிசல் இடம்பிடித்தால் எடுத்து வைக்க அந்த மின்னஞ்சல் வேண்டும்.